பொன்னுத்துரை அண்ணன் குரல் இருந்த வீடியோ

நவ. 3, திங்கள்

விடியலிலிருந்து தூறல். மலை தெரியவில்லை. துணியெல்லாம் அடுப்படிக் கொடியில்.

சபை வேலை: நேற்றைய ஆராதனை வீடியோ ஏற்றி முடிந்தது. பேர்: பெந்தெகொஸ்தேக்குப் பின் 21ஆம் ஞாயிறு. வரவு 6 ஜி.பி. மிச்ச இடம் 31. ஓட்டிப் பார்த்தபின் கேமரா கார்டை அழித்தேன். போன வருஷ அறுப்பின் பண்டிகையில் இந்தப் பொறுப்பைக் கொடுத்ததிலிருந்து இதே முறைதான். படம் எடுப்பது, மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்த அரசாங்க லேப்டாப்பில் இறக்குவது, கிளவுடில் ஏற்றுவது, கீழே இருப்பதை அழிப்பது. தேதி போடுவதில்லை. ஞாயிறுக்குத்தான் பேர் இருக்கிறதே, சபையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நாலு மணிக்கு ரத்தினம் அக்கா வந்தாக. காய்கறி மண்டியில் ஏலம் கூறுகிற பொன்னுத்துரை அண்ணன் வீட்டுக்காரி. கூறிக்கொண்டிருந்த என்று எழுத வேண்டும். ஈஸ்டர் கழிந்து மதுரையில் தொண்டை ஆபரேஷன், குரல்பெட்டியையே எடுத்துவிட்டார்கள். இப்போது எதுவானாலும் போனில் எழுதிக் காட்டுவதுதான்.

"எஸ்தரு, ஆஸ்பத்திரியில பேச்சுப் பயிற்சி குடுக்கிற பிள்ளை சொல்லுச்சு. பழைய குரல் கொஞ்சம் இருந்தாக் குடுங்க, போன்ல எழுதுனா அவுக குரல்லயே பேசுற மாதிரி செஞ்சிரலாம்னு."

"வீட்டுல ஒண்ணும் இல்லையாக்கா?"

"எங்கன இருக்கு? அன்னைக்கு அவுக வச்சிருந்தது பட்டன் போனு. மக கல்யாண வீடியோவுல வாய் மட்டும் அசையுது, மேல பூரா சினிமாப் பாட்டு. வீடியோக்காரன் செஞ்ச புண்ணியம். போன வருஷம் பண்டிகையில அவுக காணிக்கை ஏலம் கூறுனதை நீதானே வீடியோ எடுத்த? மேல ஏத்தி வச்சிருக்கேன்னு சொல்லுவியே."

"இருக்குக்கா. நாளைக்கே எடுத்துத் தாறேன்."

சுக்குக் காப்பி குடித்தாக. போகும்போது ஒரு பை அவரைக்காய் வைத்துவிட்டுப் போனாக. வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

நவ. 4, செவ்வாய்

மழை இல்லை. கேஸ் புக் பண்ண வேண்டும். இட்லி அரிசி தீர்கிறது.

'அறுப்பின் பண்டிகை – ஏலம்' திறந்தேன். பொன்னுத்துரை அண்ணன் இல்லை. செயலர் தாமஸ் சார் பூசணிக்காயைப் பிள்ளை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு, "யாராவது கேளுங்க, கை வலிக்குது" என்கிறார். இது இந்த வருஷத்து ஏலம்.

உட்கார்ந்து யோசித்தேன். போன மாதம் இதை ஏற்றும்போது பாதியில் கரண்டு போனது. மறுபடி ஏற்றியபோது, இதே பேரில் ஒன்று இருக்கிறது, மாற்றவா என்று கேட்டது. பாதியில் நின்றதைத்தான் கேட்கிறது என்று 'மாற்று' கொடுத்தேன். அது கேட்டது போன வருஷத்தை. பண்டிகை வருஷா வருஷம் வரும், பேரும் அதேதான் வரும். போன வருஷம் பண்டிகை பிந்தி, இந்த வருஷம் முந்தி. அதனால் மற்ற ஞாயிறுகள் இன்னும் இரண்டாம் சுற்றுக்கு வரவில்லை. முதலில் மோதியது இதுதான்.

கிளவுடின் குப்பைத்தொட்டியில் பார்த்தேன். இல்லை. லேப்டாப்பில் இல்லை, கார்டில் இல்லை. இரண்டையும் துப்புரவாக அழித்தது நானேதான்.

மத்தியானம் மோர்சாதம், ஊறுகாய். வேறு எதுவும் செய்யவில்லை. வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவுக, "ஏலச் சத்தந்தானே, அடுத்த வருஷம் எடுத்துக்கிட்டாப் போச்சு" என்றாக. பிறகு அவுகளுக்கே உறைத்து, தட்டையே பார்த்துச் சாப்பிட்டாக. கடைக்குப் போகும்போது, "ரத்தினத்துக்கிட்ட இப்பச் சொல்லாத" என்றாக.

அக்கா போன் செய்தபோது நெட் இழுக்கவில்லை என்றேன். பொய். எழுதி வைக்கிறேன்.

நவ. 5, புதன்

ஜெபம். பிறகு லேப்டாப். தமிழில் ஒரு தம்பி சொல்லிக்கொடுக்கிற வீடியோ கிடைத்தது. மாற்றின ஃபைலின் பழைய பதிப்பு ஒரு மாதம் வரை உள்ளேயே இருக்குமாம். ஃபைல் மேல் வலது பக்கப் பட்டனை அமுக்கினால் பட்டியல் வருமாம். இந்த லேப்டாப்பில் அந்தப் பட்டன் எப்போதோ செத்துவிட்டது.

பஜாரில் மும்தாஜ் ஜெராக்ஸ் கடை. ஆதார் திருத்த நாலு பேர் நின்றார்கள். என் முகத்தைப் பார்த்து முன்னால் கூப்பிட்டாள்.

"என்னக்கா, பத்திரம் தொலைஞ்சிருச்சா?"

"பத்திரம்னா நகல் வாங்கிரலாம்மா."

சொன்னேன். அவள் திறந்து அமுக்கினாள். இரண்டு வரி. ஒன்று இந்த வருஷம், கீழே ஒன்று போன வருஷம்.

"இருக்குக்கா! அடுத்த வாரம் வந்திருந்தீங்க, மவுத்துத்தான், இதுவும் போயிருக்கும். பேருக்குப் பின்னாடி வருஷம் போடக் கூடாதா? பள்ளிக்கூடத்துல ஒரே கிளாஸ்ல ரெண்டு மும்தாஜ் இருந்தா இனிஷியல் போடுவாங்கள்ல?"

"எங்களுக்கு ஞாயித்துக்கிழமைக்குப் பேர் வச்சுப் பழக்கம்."

"எங்களுக்கு மட்டும் ரமலான் வருஷத்துக்கு ஒண்ணா இருக்கு? நான் வருஷம் போட்டுத்தான் வச்சிருக்கேன்."

14 ஜி.பி. இறங்கவேண்டும். நெட் நத்தை. நாளைக்குப் பராமரிப்பு, கரண்டு கிடையாது. "இன்னைக்குக் கடை பூட்டுனாலும் கம்ப்யூட்டர் ஓடட்டும்" என்று சொல்லி, மானிட்டரில் 'தொட்டால் கை இருக்காது' என்று சீட்டு ஒட்டினாள். அவளுடைய மாப்பிள்ளைக்காகவாம்.

மிளகு, கடுகு, ஒரு கட்டு ஊதுபத்தி (கொசுவுக்கு).

நவ. 7, வெள்ளி

உபவாச ஜெபம், பெண்கள் ஐக்கியத்தில் பதினோரு பேர். வரும் வழியில் மும்தாஜ் பென்டிரைவை என் கையில் வைத்து மூடினாள். காசு வாங்கவில்லை. கிறிஸ்துமஸ் கேக்கு வந்து சேரணும் என்றாள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மதுரைப் பிள்ளையிடம் போனில் பேசினேன். அண்ணன் குரல் மட்டும் வேண்டும், வேறு ஆள் சத்தம், ஸ்பீக்கர் இரைச்சல் கூடாது, சில நிமிஷமாவது தொடர்ந்து வேண்டும் என்றது.

பார்க்க ஆரம்பித்தேன். அண்ணன் வெள்ளைச் சட்டை, காலரில் ஒயர் இல்லாத சின்ன மைக். நான் மாட்டியது.

"கோழி! நாட்டுக்கோழி! வெடை இல்லை, முட்டை விடுற கோழி! போதகரம்மா கேக்குறாக, கேட்டுட்டு ஏன் சிரிக்கிறாக?"

"அண்ணே, கோழி முட்டை விடும்னு யாரு சாட்சி?"

"கோழியே சாட்சி, வந்து கேளு!"

மூன்று மணி நேரமும் இப்படித்தான். அண்ணன் ஒரு வார்த்தை சொன்னால் சபை நாலு வார்த்தை. எடுத்த வாழைத்தாரைத் திரும்பக் காணிக்கையாகக் கொடுக்கிறார்கள், அதே தார் மூன்று தடவை ஏலம் போகிறது, மூன்று தடவையும் ஒரே கூச்சல். தனிக் குரல் அரை நிமிஷம் சேர்ந்தாற்போல் இல்லை. நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன், ஒரு பக்கமும் தேறவில்லை. கிடைத்தும் பிரயோஜனம் இல்லையோ என்று வந்துவிட்டது.

ஏலம் முடிந்த பிறகும் கேமரா ஓடியிருக்கிறது. படத்தில் காலி மேசை, பெண்கள் கூட்டுகிறார்கள். சத்தம் மட்டும் வேறு இடத்திலிருந்து. அண்ணன் காலர் மைக்கைக் கழற்றாமலே கோயிலுக்குப் பின்னால் போயிருக்கிறார். மைக் அவர் குரலை மட்டும் எடுத்திருக்கிறது. தெளிவு. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி.

ரத்தினம் அக்காவை வைகிறார்.

காரணம் கோழி. அக்கா காணிக்கை வைத்த கோழி, அக்காவே ஏலத்தில் எடுத்தாக. ஏலக்காரர் பெண்டாட்டிக்குச் சல்லிசாக விட்டுவிட்டார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "சபை முன்னாடி என் தலையைக் குனிய வச்சுட்டியே. வேணும்னா வீட்டுலயே வச்சிருக்க வேண்டியதுதானே. ஒன்னை யாரு கேக்கச் சொன்னா?" இப்படியே எட்டு நிமிஷம். அக்கா பேசினாகளா தெரியவில்லை, மைக்கில் இல்லை. கடைசியில்: "நீ வாயைத் தொறந்தாலே தரித்திரம். ஒரு மாசம் ஊமையா இருந்து பாரு, வீடு நிம்மதியா இருக்கும்."

நிறுத்தினேன். மற்றவர் வீட்டுப் பேச்சு. கேட்டது பாவமா என்று தெரியவில்லை. ஆனால் மதுரைப் பிள்ளை கேட்டது மாதிரி இருப்பது இது ஒன்றுதான்.

நவ. 8, சனி

வெயில். போர்வை காயப்போட்டேன்.

அண்ணனைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று தீர்மானம். அவர் குரல். ஆனால் இருவருமாக வந்துவிட்டார்கள். காப்பி கொடுத்தேன். அண்ணன் கழுத்தில் துண்டு சுற்றியிருந்தார். மூன்று மணி நேரத்தில் இது ஒன்றுதான் தேறியது என்று சொல்லி, காதில் மாட்டுவதை அவரிடம் மட்டும் கொடுத்தேன்.

கேட்டார். முதலில் புருவம் ஏறியது, தன் குரலைக் கேட்ட சந்தோஷம். பிறகு இறங்கியது. கடைசி வரைக்கும் கேட்டார். கழற்றிவிட்டு போனில் எழுதினார்: இது வேண்டாம்.

"என்ன வேண்டாம்? எதுக்கு வேண்டாம்?" அக்கா. "மூணு மணி நேரத்துல இதுதான் கெடச்சுச்சுன்னு எஸ்தரு சொல்லுது. குடுங்க, என்னன்னு கேப்போம்."

கொடுக்க மாட்டேன் என்று ஒயரைப் பிடித்துக்கொண்டார். அக்கா விரல் விரலாக விடுவித்து வாங்கினாக. நான் அடுப்படிக்குப் போக எழுந்தேன். "இரு எஸ்தரு, நீதான் கேட்டுட்டியே."

எட்டு நிமிஷமும் கேட்டாக. நிறுத்தச் சொல்லவில்லை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வெளியே கேஸ் வண்டிக்காரன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போனான்.

"கோழி விஷயமா. அன்னைக்கே கேட்டதுதான்." கழற்றி வைத்தாக. "குரல் தெளிவா இருக்கா இல்லையா?"

"இருக்குக்கா."

"அப்ப அனுப்பு. வஞ்சா மட்டும் குரல் வேறயா?"

"மதுரைப் பிள்ளை கேக்கும்க்கா."

"கேக்கட்டும். அதுக்கும் கல்யாணம் ஆகும்ல."

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அண்ணன் சிரிக்கவில்லை. போனில் வெகுநேரம் எழுதினார். அழித்தார். மறுபடி எழுதி அக்காவிடம் மட்டும் காட்டினார். என்ன என்று நான் பார்க்கவில்லை. அக்கா படித்துவிட்டுப் போனைத் திருப்பி அவர் சட்டைப் பையிலேயே வைத்தாக.

"இதெல்லாம் எழுத்துல வேணாம். குரல் வரட்டும், வந்த பெறகு சொல்லுங்க."

அனுப்பியாயிற்று. எட்டு நிமிஷம், அப்படியே.

நவ. 19, புதன்

தொடர் மழை. முல்லையாற்றில் தண்ணீர் கரை தொட்டுப் போகிறதாம். வீட்டுக்காரருக்குச் சளி, கஷாயம்.

மதுரைப் பிள்ளை: குரல் போதும், செய்ய முடியும். ஆனால் ஒரே கோபமாக இருப்பதால் எதைச் சொன்னாலும் கொஞ்சம் கோபமாகத்தான் வரும், பரவாயில்லையா என்று கேட்டது. அக்காவிடம் சொன்னேன்.

"அப்ப அவுகளேதான். வேற ஆளு மாதிரி வந்தாத்தான் பயம்."

ஊறவைத்த உளுந்து அதிகம். பாதி பக்கத்து வீட்டுக்கு.

நவ. 30, ஞாயிறு

ஆகமனத்தின் முதல் ஞாயிறு. பளிச்சென்ற காலை, மதியம் மூடிக்கொண்டது.

ஆராதனை முடிந்து கோயில் முற்றத்தில் எல்லோரும் நின்றோம். அண்ணன் குரல் ஏற்றிய போனை நேற்றுத்தான் மதுரை போய் வாங்கி வந்திருக்கிறார்கள். அண்ணன் புதுப் போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். போதகரய்யா, "சொல்லுங்க அண்ணாச்சி" என்றார். அண்ணன் எழுதி அமுக்கினார்.

"ஸ்தோத்திரம் ஐயா!"

அதே குரல். மண்டிக் குரல். அதட்டல். போதகரய்யா ஒரு அடி பின்னால் போய்விட்டார்.

"நான் என்ன தப்புச் செஞ்சேன்?" என்றார் போதகரய்யா. முற்றமே சிரித்தது. தாமஸ் சார், "அண்ணே, என்னையும் ரெண்டு வையுங்க, பூசணிக்காயைச் சல்லிசா விட்டுட்டேன்" என்றார். அண்ணன் எழுதினார். "அடுத்த வருஷம் நான் கூறுறேன், தள்ளி நில்லுங்க!" மறுபடி சிரிப்பு. சின்னப் பிள்ளைகள் இன்னொன்று, இன்னொன்று என்று சுற்றிக்கொண்டார்கள்.

ரத்தினம் அக்கா மட்டும் தள்ளி, வேப்பமரத்துக்கிட்ட. சிரிக்கவில்லை, அழவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றாக. நான் பக்கத்தில் இருந்தேன்.

அண்ணன் அங்கிருந்தே எழுதி அமுக்கினார். "ரத்தினம்! காலையில ஒண்ணும் சாப்பிடாம வந்த! பசிக்குதா!" வைகிற சத்தம். முற்றம் முழுக்கக் கேட்டது.

"ஊரைக் கூட்டித்தான் கேக்கணுமாக்கும்" என்றாக அக்கா. அண்ணன் கிட்ட வந்தார். "நான் படிச்சேனே, இதையா அன்னைக்கு எழுதிக் காட்டுனீக?"

இல்லை என்று தலையாட்டினார். போனில் தேடி எடுத்தார், முன்பே எழுதி வைத்திருக்கிறார். பக்கத்துப் பட்டனை அமுக்கி அமுக்கிச் சத்தத்தைக் குறைத்தார். அக்கா காதோடு வைத்துப் பிடித்தார்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் நீளமாகத்தான் இருந்தது. தூறல் விழ ஆரம்பித்தது.

அக்கா, "ம்" என்றாக. பிறகு, "குடை எடுத்தாந்தீகளா? வாங்க, போவோம்."