மருமகள் அறை இன்டர்காமின் பூட்டை நீக்கக் கோருவது

அனுப்புநர்
ஆ. செங்கோடன்,
விசைத்தறி உரிமையாளர்,
சோமனூர்.

பெறுநர்
காவல் ஆய்வாளர் அவர்கள்,
இணையவழிக் குற்றப் பிரிவு,
கோயம்புத்தூர்.

பொருள்: மருமகள் இன்டர்காமில் பேசுவதை நான் கேட்க முடியாமல் செய்துவிட்ட கம்பெனி மீது நடவடிக்கை வேண்டி.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகன் வேலன் மஸ்கட்டில் வேலையில் இருக்கிறான். மருமகள் சண்முகப்ரியா என் பொறுப்பில் இருக்கிறாள். செல்போன் குடும்பத்தைக் கெடுக்கும் என்பதால் அதை வாங்கி பீரோவில் வைத்துவிட்டேன். மேட்டுப்பாளையத்திலுள்ள பெற்றோரிடம் பேச, நெட் வழியாக வெளியே கூப்பிடும் இன்டர்காம் பெட்டியை மாடியில் அவள் அறையில் மாட்டிக்கொடுத்தேன். இதைவிட ஒரு மாமனார் என்ன செய்ய முடியும்?

2. அவள் பேச்சு வீட்டு வைஃபையில் திறந்தபடியே போகும். தறிக்குடோன் கம்ப்யூட்டரில் நான் கேட்பேன், பதிவும் செய்வேன். “அம்மா, கை வீக்கம் இன்னும் வத்தலை, என்னைய வந்து கூட்டிட்டுப் போயிரு” என்று அவள் விசும்பியதுகூட ஓர் எழுத்து பிசகாமல் கேட்டது. அவள் அப்பா எந்த பஸ்ஸில் வருகிறார் என்பது வரை தெரிந்ததால், வாசலிலேயே நின்று, “சம்பந்தி, புள்ளை கோயிலுக்குப் போயிருக்குதுங்க, இன்னொரு நாள் வாங்க” என்று மரியாதையாக அனுப்பிவைத்தேன். காபிகூடக் கொடுத்தேன்.

3. சென்ற மாதம் இன்டர்காம் கம்பெனியிலிருந்து பழுது பார்க்க வந்த மெக்கானிக் ரோஹன், பேச்சு பூட்டில்லாமல் போகிறது, யாரேனும் ஒட்டுக்கேட்கலாம் என்று என்னிடமே எச்சரித்தான்! உடனே பூட்டும் போட்டான். புது பாஸ்வேர்டை, இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் தருவார்களாம். புதிதாக எது வாங்கினாலும் மருமகள் பெயரில் வாங்கினால் லட்சுமி தங்குவாள் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அந்தப் பாழாய்ப்போன வழக்கத்தால் பாஸ்வேர்டு அவள் கைக்குப் போயிற்று. கேட்டால் மறந்துவிட்டது என்கிறாள். எப்படிக் கேட்க வேண்டுமோ அப்படியும் கேட்டுவிட்டேன்.

பெட்டியைக் கழற்றலாமே என்பீர்கள். வெள்ளிக்கிழமைதோறும் மகன் அதில்தான் கூப்பிடுகிறான். காணோமென்றால் காரணம் கேட்பான். இப்போது எனக்குக் கேட்பது வெறும் இரைச்சல். ஐயா, மாடியில் அவள் சிரிக்கிறாள். வயிறு எரிகிறது.

4. ஆகவே பூட்டை நீக்கி, இந்த இருபது நாளில் அவள் யாரிடம் என்ன பேசினாள் என்று எடுத்துத் தர வேண்டுகிறேன். ஆதாரமாகப் பதினான்கு மாதப் பதிவுகளை பென் டிரைவில் இணைத்துள்ளேன். எல்லாம் அவள் குரலே. சந்தேகமிருந்தால் நேரில் வந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். எப்போது வந்தாலும் ஆள் இருப்பாள். கதவை வெளியில்தான் பூட்டியிருக்கிறேன்.

இடம்: சோமனூர்
நாள்: 18.08.2025

சட்டத்தை மதிக்கும்,
(ஒப்பம்) ஆ. செங்கோடன்