ஸ்கேனுக்குப் போகும்போது தாயத்தைத் தேடாதே

மாமா,

கரும்பு வெட்ட ஆள் ஏற்றும் வண்டி வந்துவிட்டது, கச்சிராயபாளையம் போகிறேன். நேற்றுப் போட்ட சண்டையை மறுபடி போட எனக்குத் தெம்பில்லை.

உன்னை ஸ்கேனுக்குக் கூட்டிப்போக உன் தம்பி தமிழழகன் பைக்கில் வருவான். வெறும் வயிற்றோடுதான் வரச் சொன்னார்கள். கூழை ஸ்கேன் முடிந்து வந்து குடி. வலிப்பு மாத்திரையை மட்டும் ஒரு வாய்த் தண்ணீரில் போட்டுக்கொள், டாக்டர் சொன்னதுதான். கிட்னிக்கு ரத்தம் பார்த்த சீட்டு மஞ்சள் பையில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் மருந்து ஏற்றுவார்களாம்.

பாதி ஸ்கேனில் கை நரம்பில் அந்த மருந்தைப் போடுவார்கள். மூளைக்குள் இருப்பது தெளிவாகத் தெரியத்தான், மயக்க ஊசி இல்லை. கை சில்லென்று இருக்கும். உடம்பு அரித்தாலோ மூச்சு முட்டினாலோ கையில் கொடுக்கிற பந்தை அழுத்து. மெஷின் டமடமவென்று கத்தும், தலையை ஆட்டாதே.

போன தடவை தாயத்தை வேட்டிக்குள் ஒளித்துக்கொண்டு போனாய். நர்சம்மா, "உலோகம் எதுவும் உள்ள வரக்கூடாதுங்க" என்றதற்கு, "மலையில மந்திரிச்சுக் கட்டுனதும்மா, அவுத்தா வலிப்பு வந்துடும்" என்று அடம்பிடித்து வாசலோடு திரும்பினாய். அதற்குத்தானே நேற்றும் சண்டை.

இன்று அதைத் தேடாதே. நீ தூங்கும்போது அவிழ்த்துவிட்டேன்.

எழில்மதி

கோபப்படாதே. தாயத்தைக் கீழே வைக்கவில்லை, என் இடுப்பில் கட்டியிருக்கிறேன். அவிழ்த்தவள் நான். சாமி கோபித்தால் வலிப்பு எனக்கு வரட்டும். விழுந்தாலும் காய்ந்த கரும்புச் சோகை இலை மேல்தான் விழுவேன்.