நிமிர்ந்து நின்ற கதிர்

நட்ட நாள் 1 | காலை 07:10
செவ்வாய்க் கோள், கீழ்க் கூடாரம். வெப்பம் 27. ஈரப்பதம் 70. மின்சாரம் முழு அளவு.

இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் இசக்கியம்மாள், பயிர் ஆய்வாளர். இங்கே தனி ஆள். அரை ஏக்கரில் நெல் நட்டு முடித்தேன். நடவு இயந்திரம் பாதியில் நின்றுவிட்டதால் மீதியைக் குனிந்து நட்டேன். இடுப்பு விட்டுப்போயிற்று. விதை முழுவதும் தீர்ந்தது.

தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி மேல் நிலையத்தில் பதினான்கு பேர். அரை வயிறு சாப்பிட்டால் அவர்கள் கையிருப்பு நூற்றறுபது நாள் வரும். சரக்குக் கப்பல் வர முந்நூறு நாள். இடையில் இந்த நெல்தான் சோறு. எனக்குப் பாசித்தொட்டி உண்டு. அது ஒருவர் வயிற்றுக்கு மட்டும் ஊறும்.

கணினி நூலகத்தில் ஒரு பழைய பண்ணை நாட்குறிப்பு அகப்பட்டது. 1957, அம்பாசமுத்திரம் பக்கம், பூதத்தான் என்ற விவசாயி எழுதியது. நாற்று நட்ட மறுநாளில் தொடங்குகிறது. அவருக்கு ஒரு நாள், எனக்கு ஒரு நாள் என்று கூடவே படிக்கப் போகிறேன். முன்னால் புரட்டுவதில்லை. கிடைத்த பேச்சுத்துணையை ஒரே நாளில் தீர்த்துவிடக் கூடாது.

நாள் 19 | காலை 06:55
வெப்பம் 28. ஈரப்பதம் 71.

பூதத்தான்: "கார்த்திகை 20. வாடைக் காற்று. நண்டு வரப்பில் வளை போட்டிருக்கிறது. அடைத்தேன். கிட்ணன் வரவில்லை."

எனக்கு நண்டு இல்லை, எலி இல்லை. களை பிடுங்க வராமல் ஏமாற்ற ஒரு கிட்ணனும் இல்லை. அவருடையது பிசான நெல், ஐந்து மாதப் பயிர். ஆற அமர வளர்கிறது. என்னுடையது நாற்றங்கால் நாளையும் சேர்த்து நூற்றைந்து நாளில் முடிந்துவிடும். மனிதர் ஒரு நாள் விடாமல் காற்றை எழுதுகிறார். எனக்குக் காற்று என்றால் கூரையில் பதினாறு விசிறி, சுவரில் ஒரு பொத்தான்.

நாள் 44 | காலை 08:20
புழுதிப் புயல், நான்காம் நாள். மின்சாரம் 55 விழுக்காடு.

பூதத்தான்: "மார்கழி 16. மூன்று நாளாக மழை விடவில்லை. வெள்ளம் வரப்பைத் தின்கிறது. கிட்ணன் வரவில்லை. நானே மண் வெட்டிப் போட்டேன்."

அவருக்கு மழை, எனக்குப் புழுதி. இருவருக்கும் வெயில் இல்லை. இன்று அவரைக் கிண்டல் செய்ய மனம் வரவில்லை.

நாள் 53 | காலை 09:40
மின்சாரம் 36. ஈரப்பதம் 94.

விளக்கு, சூடு, விசிறி. மூன்றில் ஒன்றை விட்டாக வேண்டும். விசிறியை நிறுத்தினேன். நெல் தன் பூவைத் தானே முடித்துக்கொள்ளும் பயிர்; தேனீ கூட வேண்டாம். விசிறி சூட்டைத் தணிக்கத்தான். இப்போது தணிக்கச் சூடே இல்லை.

பூ திறக்கத் தொடங்கிவிட்டது. இலை கூட அசையவில்லை. அமைதியாக இருக்கிறது.

நாள் 57 | மாலை 04:05
கதிர் முழுவதும் வெளியே வந்துவிட்டது. மேல் நிலையத்துக்குச் சொன்னேன். தொலைத்தொடர்பில் இருக்கும் ராயப்பனின் பதில்:

"யக்கா, இங்க எல்லாரும் அர வயித்தோட கெடக்காவ. கதிர்தான் வந்துட்டுல்லா, சாப்பாட்டக் கூட்டிக்கிடலாமான்னு கேக்காவ."

அனுப்பியது: "கூட்டிக்கோங்க தம்பி. பயப்படாண்டாம்."

நாள் 58 | மாலை 05:30
பூதத்தானுக்கு இன்று தை 1; அவர் பக்கத்தைத் தினமும் ராயப்பனுக்கும் வாசித்துக் காட்டுவதுண்டு. மேல் நிலையத்தில் கையிருப்பு அரிசியில் பொங்கல் வைத்தார்களாம். ராயப்பன்: "ஒங்க பூதத்தானுக்கும் ஒரு வாய் எடுத்து வச்சோம் யக்கா. கிட்ணனுக்கு வைக்கல."

சிரித்தேன். இங்கே வந்தபின் சத்தமாகச் சிரித்தது இதுதான் முதல் தடவை.

நாள் 74 | காலை 07:00
புயல் தணிகிறது. மின்சாரம் 48.

விளைந்த கதிர் வளைந்து நிற்கும் என்பார்கள். என் கதிர்கள் நிமிர்ந்து நிற்கின்றன. இங்கே ஈர்ப்பு பூமியில் மூன்றில் ஒரு பங்கு. பாரம் இருந்தும் தலை சாயாது. அதுதான் காரணம்.

நாள் 83 | காலை 10:25
அறுவடை நாள். அரிவாளை எடுக்குமுன் வழக்கம்போலப் பக்கத்தைத் திறந்தேன்.

பூதத்தான்: "தை 26. காலை பத்து மணி. நெல் பூத்து நிற்கிறது. காற்று செத்துக் கிடக்கிறது. கிட்ணன் வந்தான். வரப்புக்கு ஒருவராக நின்று கயிற்றைக் கதிர் மேல் இழுத்தோம். தூள் பறந்தது. இழுக்காவிட்டால் எல்லாம் பதர்."

நாள் 83 | காலை 11:50
பதர். நூறு இடத்தில் உருவிப் பார்த்தேன். நசுக்கினால் உமி, உள்ளே ஒன்றுமில்லை.

ஈரத்தில் மகரந்தம் ஒட்டிக்கொண்டது. உதிர்க்கக் காற்று இல்லை. அவர் பயிர் மெதுவாக வளர்ந்தது. அதனால் அவர் பயிர் பூத்த பக்கம் என் அறுவடை நாளில் வந்தது. ஒரு மாதம் முன்னால் புரட்டியிருந்தால் போதும். நான் படித்தவள். கதிர் நிமிர்ந்து நின்றதைப் பார்த்துவிட்டு அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன்.

ஓரத்தில் ஒரு வரிசை மட்டும் தலை சாய்ந்திருக்கிறது. தினமும் மின்மானியைப் பார்க்க நான் நடக்கும் வழி. என் சட்டைக் கை உரசிய செடிகள். உருவி எண்ணினேன்: 1,140 நெல்மணி.

நாள் 84 | காலை 09:00
சொல்லிவிட்டேன். எதையும் மறைக்கவில்லை. கூட்டிக்கொள்ளச் சொன்னதும் நான்தான் என்றேன். முழு வயிற்றுக்கு இருபத்தைந்து நாள்தான் மிச்சம் அவர்களிடம்.

நாள் 85 | காலை 11:15
ராயப்பன்: "யக்கா, பதினாலு பேரும் பேசிட்டோம். ஒரு வாய்க் கஞ்சிக்குக் கூட காணாது அந்த நெல்லு. திங்காதீய. வெதச்சிருங்க. கப்பல்ல வாறவனுக்காவது இருக்கட்டும். பூக்கும்போது சொல்லுங்க. கயித்துக்கு மறுமுன வேணும்லா, நா வாரேன்."

அவன் வர வண்டி உண்டு; அதன் மின்கலம் புயலில் போய்விட்டது. அவனுக்கும் தெரியும். வா என்றேன்.

நாள் 149 | மதியம் 01:30
மூன்று நாளுக்குப் பின் ராயப்பன் குரல். மற்றவர்களைப் பற்றி நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

"இன்னைக்கு என்ன பக்கம் யக்கா?"

நாட்குறிப்பு எப்போதோ முடிந்துவிட்டது. கடைசிப் பக்கத்தை மறுபடி வாசித்தேன்: "பங்குனி 20. அறுவடை முடிந்தது. விதைக்கு ஒரு கோட்டை நெல் வைக்கோலில் கட்டிவைத்தேன்."

"நல்ல மனுசன். கிட்ணன் வந்தானா?"

வந்தான் என்று பொய் சொன்னேன். தொடர்பு நின்றது.

இரண்டாம் நடவு, நாள் 55 | காலை 10:00
மறுபடி புழுதிப் புயல். மின்சாரம் 9. விளக்கு ஒன்று மட்டும். பாசித்தொட்டி கறுத்துவிட்டது.

நெல் பூத்து நிற்கிறது. காற்று இல்லை. கயிற்றின் மறுமுனையைத் தூணில் கட்டிவிட்டு இந்தப் பக்கம் நின்று இழுத்தேன். தூள் பறந்தது.

இரண்டாம் நடவு, நாள் 56 | காலை 10:00
காற்று இல்லை. கயிறு இழுத்தேன்.

இரண்டாம் நடவு, நாள் 57 | காலை 10
காற்று இல்லை. கை தூக்க முடியவில்லை. உட்கார்ந்தபடி இழுத்தேன்.

ராயப்பன் வரவில்லை.