மருந்து அலுமாரியின் ஒற்றைச் சாவி

அக்கா,

உங்களைக் கொன்றது இந்த ஆஸ்பத்திரி. மலேரியா பிறகுதான் வந்தது.

மருந்து அலுமாரியின் சாவி இப்போது என் இடுப்பில். குளித்த பிறகும் கையிலிருந்து பித்தளை வாடை போவதில்லை. தலைமைத் தாதியான நாளிலிருந்து அதை நீங்கள் யாரிடமும் கொடுத்ததில்லை. "சாவி ரெண்டெண்டால் பொறுப்பு ஆருக்கு, பிள்ளை?" என்பீர்கள். இளைய தாதிகள் நாங்கள் விரித்த படுக்கையைப் பிரித்து மறுபடி விரிப்பீர்கள். எனக்குக் கோபம் வரும்.

ஒரேயொரு முறை கொடுத்தீர்கள். தங்கையின் கலியாணத்துக்கு யாழ்ப்பாணம் போக லீவு கிடைத்தது. வழியனுப்பக் கண்டி ஸ்டேசனுக்கு நானும் வந்தேன். ரயில் அசைந்த பிறகே சாவி என் கைக்கு வந்தது. அன்று பின்னேரமே வார்டு வாசலில் பெட்டியோடு நின்றீர்கள். பொல்காவலையில் யாழ்ப்பாண வண்டிக்கு மாறாமல் திரும்பியிருந்தீர்கள்.

"குயினைன் எண்ணிப் பாத்தனியே?"

"என்னை நம்பலையா அக்கா?"

"உன்னை நம்பிறன். என்ர மனந்தான் கேக்கேல்லை."

மறுநாள் பெரிய டாக்டர் எல்லார் முன்னாலும் உங்களைக் காட்டிச் சொன்னார்: "மிஸி இல்லாட்டி இந்த வார்டு ஓடாது." நீங்கள் நிமிர்ந்து நின்றீர்கள். இன்னொரு தாதி வேண்டுமென்று நாங்கள் எழுதிய மனு அவர் மேசையிலேயே கிடந்தது. ஒரு பாராட்டுக்கு நீங்கள் இரண்டு பேர் வேலை செய்யும்போது அவருக்கு ஆள் எதற்கு?

பிறகு காய்ச்சல் காலம். பிலிமத்தலாவைப் பக்கமிருந்து வண்டி வண்டியாக வந்தவர்கள் ஒரு பாயில் இரண்டு பேராகக் கிடந்தார்கள். தேயிலைத் தோட்டத்துக் கிழவி ஒருத்தி, "தண்ணி குடுங்க மிஸி" என்று உங்கள் உடுப்பைப் பிடித்தாள். கையை உதறிவிட்டு, சுவரைப் பார்த்து நின்றீர்கள். நான்தான் தண்ணீர் கொடுத்தேன். பிறகு துணி அறையில் சொன்னீர்கள்:

"அந்தக் கிழவியைப் பாத்தும் எனக்கு ஒண்டுமே நோகேல்லை, பிள்ளை. அதுதான் பயமாக் கிடக்கு."

தொட்டுப் பார்த்தேன். உடம்பு கொதித்தது. சாவியைக் கேட்டேன், தரவில்லை. ஐந்தாம் நாள் உங்கள் இடுப்பிலிருந்து நானே அவிழ்த்தேன். தடுக்க உங்களுக்கு உயிர் இல்லை.

நேற்று, புதிதாக வந்த தாதி விரித்த படுக்கையை நான் பிரித்து மறுபடி விரித்தேன். அவள் முகத்தில் என் பழைய கோபம். இன்று காலை பெரிய டாக்டரிடம் போனேன்.

"நீயும் மிஸி மாதிரியே கெட்டிக்காரி," என்று சிரித்தார்.

சாவியை அவிழ்த்து மேசையில் வைத்தேன். அவர் பேனையை எடுத்து வேறொரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். நான் நகரவில்லை, அக்கா.

"இன்னொரு சாவி செஞ்சு தாங்க, சேர். அதை வச்சிருக்க இன்னொரு ஆளும் தாங்க."