வலப்பக்கமாக ஏறுகிறவர்

சாலை முகாம், ரெட் டேங்க், அரிசோனா
அக்டோபர் 6, 1952

அப்பாவுக்கு,

லீலண்ட் எழுதுகிறேன். நீங்கள் போனபோது எனக்கு ஏழு வயது, இப்போது இருபத்தெட்டு. அம்மா நலம். பிரெஸ்காட்டில் அதே வீடு, அதே தையல் வேலை. நூல் கோக்க மட்டும் கண்ணாடி வேண்டியிருக்கிறது. நான் நெடுஞ்சாலைத் துறையில் எஞ்சினியர். எனக்கு அறிக்கை எழுதத்தான் வரும், கடிதம் வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதைப் புகையிலை டப்பாவில் போட்டு, உங்கள் சினிமாக் கதாநாயகர் வேட் கார்மொடியின் நினைவுத் தூணடியில் வைக்கப்போகிறேன். அங்கே தபால்காரர் வருவதில்லை. ஆனால் நீங்கள் வருகிறீர்கள், வருஷா வருஷம் அவர் செத்த அக்டோபர் ஒன்பதாம் தேதி, விடிகிற நேரத்தில்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். இந்த ஊரில் கார்மொடியின் பேயைப் பற்றிக் கேட்காமல் ஒரு காபி குடிக்க முடியாது. தூண் நிற்கும் சாலை வளைவில் கார்கள் நின்றுபோனால் பேய்தான் நிறுத்துகிறது என்கிறார்கள். ஆறு மைல் ஏற்றத்தில் என்ஜின் கொதித்து, பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிறது, வேறொன்றுமில்லை. தூணின் மேல் சிமென்ட்டில் செய்து வைத்திருக்கும் தொப்பி புயலுக்கு முன் திரும்புகிறதாம். நான் அளந்து பார்த்தேன், திரும்பவில்லை. ஒரு பெண்ணை வெள்ளத்திலிருந்து காப்பாற்றப் போய்த்தான் அவர் செத்தார் என்று ஹோட்டல் நடத்தும் ஆல்மா கெட்சம் சத்தியம் செய்கிறாள். அந்த வருஷம் ஓடையில் தண்ணீரே இல்லை.

எங்கள் புல்டோசர் ஓட்டுகிற ரூபன் ஓர்ட்டேகா மட்டும் வேறு மாதிரி சொன்னான். வருஷா வருஷம் ஒன்பதாம் தேதி விடியலில் பேய் தூணடிக்கு வருகிறதாம், போன வருஷம் அவன் நேரில் பார்த்தானாம். “வெள்ளைத் தொப்பி, வெள்ளைக் குதிரை, முகம் தெரியல சார். நான் கூப்பிட்டேன், உடனே கெளம்பிடுச்சு. சினிமால கெட்டிக்காரன்னு பேரு. செத்ததும் எல்லாம் மறந்துபோச்சு போல, வலப்பக்கமா ஏறுது! எந்த மடையன் குதிரைக்கு வலப்பக்கமா ஏறுவான்?” என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வளைவுக்குப் போனேன். தூணடியில் பழைய குதிரை லத்தி காய்ந்து கிடந்தது. பேயின் குதிரை லத்தி போடாது.

குதிரைக்கு எல்லோரும் இடப்பக்கமாகத்தான் ஏறுவார்கள். வலப்பக்கமாக ஏறுகிற ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். படத்தில் கார்மொடிக்குப் பதிலாகக் கூரையிலிருந்து குதித்து இடது முழங்கால் நொறுங்கியவர் அவர். இடது காலை ஊன்றி ஏற முடியாததால், படுக்கையிலிருந்து எழுந்ததும் தன்னையும் மாற்றிக்கொண்டு குதிரையையும் மாற்றிப் பழக்கினார்.

கார்மொடி டிராம் வண்டியில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவர் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். பத்திரிகைக்காரர்களிடம் ரேஞ்சர் படைத் தலைவன் என்று அளந்தாராம். ஆனால் எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும், உங்களுக்கும் பிடித்திருந்தது என்றாள். நீங்கள் போன பிறகு, அவருடைய ஊமைப் படங்கள் எந்தக் கொட்டகையில் மறுபடி வந்தாலும் என்னை அழைத்துப் போவாள். “பாருடா, விழுறது உங்கப்பா. எழுந்து தூசு தட்டுறது அந்த ஆளு,” என்பாள். கூரையிலிருந்து, ரயிலிலிருந்து, குதிரையிலிருந்து விழுந்துகொண்டே இருப்பீர்கள். ஒரு படத்தில் உங்கள் முதுகு பதினோரு விநாடி வருகிறது. கடிகாரம் வைத்துப் பார்த்தேன். முகம் ஒரு படத்திலும் இல்லை. எங்கள் வீட்டிலும் இல்லை; போகும்போது புகைப்படத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். அது சரியில்லை அப்பா.

ஏன் போனீர்கள் என்பது எனக்குத் தெரியும். பேசும் படம் வந்தது, கார்மொடியின் குரல் கீச்சென்று இருந்தது, எல்லோரும் சிரித்தார்கள். எல்லாம் வேறு ஆள் செய்தது என்று பத்திரிகைகளும் எழுதின. அதனால் ஓடையைத் தாண்டும் காட்சியில் நானே தாண்டுகிறேன் என்று வந்து, நீங்கள் உங்களுக்காகச் சேணம் போட்டு வைத்திருந்த பிஷப் குதிரையின் கடிவாளத்தைப் பிடுங்கிக்கொண்டார். நீங்கள் வலப்பக்கத்துக்காரர், சேணத்தைக் குதிரை வயிற்றோடு இறுக்கும் வாரையும் வலப்பக்கமே முடிந்திருந்தீர்கள். அவர் வழக்கப்படி இடப்பக்கம் மட்டும் இழுத்துப் பார்த்துவிட்டு ஏறினார். குதிரை பாதி தாண்டும்போது சேணம் புரண்டது, அவர் பாறையில் விழுந்தார். விசாரணையில் ‘சேணம் நழுவியது’ என்று எழுதினார்கள். நீங்கள் அம்மாவுக்கு ஒரு துண்டுக் காகிதத்தில், ‘என் முடிச்சுதான் அவனைக் கொன்றது’ என்று எழுதிவைத்துவிட்டுப் போனீர்கள். சேணத்தைப் பார்க்காமலே போனீர்கள்.

நான் பார்த்தேன். இந்தக் கடிதம் அதற்காகத்தான்.

அந்தச் சேணம் ஆல்மாவின் ஹோட்டலில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. விபத்தன்று எப்படி இருந்ததோ அப்படியே வைத்தால்தான் கூட்டம் வரும் என்று அவள் துடைக்கக்கூட இல்லை. பெட்டியைத் திறக்கச் சொன்னேன். “பேய் வந்து கேட்டாலும் தொறக்க மாட்டேன், நீ யாருடா?” என்றாள். ஏமஸ் டட்டிலின் மகன் என்றேன். “அந்த நொண்டி மனுஷனா? எவ்வளவு ஷூட்டிங் அவசரத்துலயும் குதிரைக்கு மொதல்ல தண்ணி காட்டுவாரே,” என்று சாவியைத் தந்தாள்.

அப்பா, உங்கள் முடிச்சு அவிழவில்லை. வலப்பக்கத்தில் நீங்கள் போட்டபடியே இன்றும் இறுகிக் கிடக்கிறது. என் இரண்டு கையாலும் இழுத்தேன், ஒரு நூல்கூட நகரவில்லை. உடைந்தது வாரைத் தாங்கும் இடப்பக்கத்து வளையம். அங்கே இரும்பு வளையம் இருக்க வேண்டும். கேமராவுக்குப் பளபளக்க வேண்டும் என்று யாரோ அதை எடுத்துவிட்டு வார்ப்புப் பித்தளையைப் போட்டு, அதன் மேல் வெள்ளித் தகடும் அடித்திருக்கிறார்கள். தகட்டைக் கழற்றிப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். வளையம் உடைந்த இடத்தில் பாதி கன்னங்கரேல், மீதி வெளிர் மஞ்சள். கறுத்த பாதி எப்போதோ விரிசல் விட்டது. மீதிப் பாதிதான் அன்று போனது. தகட்டைக் கழற்றாமல் உங்களாலும் பார்த்திருக்க முடியாது, அவராலும் முடியாது. அன்று நீங்கள் ஏறியிருந்தாலும் அதேதான் நடந்திருக்கும். அதை நினைத்தால் எனக்கு எழுத ஓடவில்லை.

பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு, படமும் வரைந்து உள்ளே வைத்திருக்கிறேன். ஆல்மாவும் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். “வளையம் ஒடஞ்சதுன்னு வெளிய சொல்லித் தொலைக்காதே தம்பி, அப்புறம் எவன் ரூம் எடுப்பான்?” என்று கெஞ்சினாள். நான் யாருக்கும் சொல்லப்போவதில்லை. ஊருக்குப் பேய் இருக்கட்டும்.

அம்மாவிடம் மட்டும் தொலைபேசியில் சொன்னேன். எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு, “பேயா இருந்தா அங்கேயே சுத்தட்டும். மனுஷனா இருந்தா வந்து சாப்பிடச் சொல்லு,” என்றாள். குரல் அவள் குரல் மாதிரி இல்லை.

என் இஷ்டத்துக்கு விட்டால் ஒன்பதாம் தேதி தூணடியில் லாரியை நிறுத்திக்கொண்டு நின்றிருப்பேன். ரூபன் கூப்பிட்டதற்கே நீங்கள் போய்விட்டீர்கள், அதனால் நான் அங்கே வரப்போவதில்லை. தூணுக்குத் தெற்கே இரண்டு மைலில் எங்கள் முகாம். அன்று காலை முழுக்க அங்கேயே இருப்பேன், வேலையை ரூபன் பார்த்துக்கொள்வான். எனக்குக் காத்திருக்க வராது. ஆனாலும் இருப்பேன்.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. பதினைந்தாம் தேதி புதிய சாலை திறக்கிறது. பழைய வளைவை மூடி முள்கம்பி வேலி போடுகிறோம். அடுத்த வருஷம் இந்தத் தூணுக்கு வழி இருக்காது. என் வரைபடம்தான், நானேதான் கையெழுத்துப் போட்டேன். இந்தப் பேய் யார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நேற்று அந்த வரைபடத்தைத் திருத்தினேன். வேலியில் ஒரு கதவு சேர்த்திருக்கிறேன், குதிரையோடு நுழைகிற அகலத்துக்கு. எதற்கென்று மேலதிகாரி கேட்டார், பராமரிப்புக்கு என்று சொல்லிவிட்டேன். நீங்கள் இந்தத் தடவை முகாமுக்கு வராமல் போனாலும் அந்தக் கதவு அங்கே இருக்கும். பூட்டு கிடையாது. தாழ்ப்பாளை வலப்பக்கம் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

காலைப் பார்த்து இறங்குங்கள், தூணடியில் சரளை வழுக்குகிறது.

உங்கள் மகன்,
லீலண்ட் டட்டில்