பேத்தியின் ஜாஸ் குழுவுக்கு வைத்திருந்த பெயர்

வைகாசி 4, ஞாயிறு

பேத்தி தர்ஷினி நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் சாக்சபோன் வாசிக்கிறாள். இன்று மத்தியானம்தான் முதல்முறையாக என்னை அழைத்துப்போனாள். முன்வரிசையில் பெருமையாக உட்கார்ந்து மேடையைப் பார்த்தேன். குழுவின் பெயரைத் துணியில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். 'கூலி லயம்'. லயம் என்றால் தாளம்; தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கும் அதுதான் பெயர்.

'கூலி' என்ற அந்தச் சொல்லால் என்னைத் திட்டிய தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் காலடியில் தேயிலைக் கொழுந்துக்கூடையைக் கவிழ்த்துவிட்டு வந்தவள் நான்.

வாசித்து முடித்து இறங்கியவளைப் பிடித்துக்கொண்டேன். "என்னடி பேரு இது?"

"கோவப்படாதீங்க அம்மாயி. அமெரிக்காவுக்கு அடிமையா கொண்டுபோன சனங்களோட புள்ளைங்க உண்டாக்குனதுதான் ஜாஸ். ஜாஸ்ங்கற பேரையே ஒரு காலத்துல அசிங்கமான பேச்சுன்னாங்களாம். இப்ப ஒலகமே கொண்டாடுது. நம்ம பேரும் அப்படி ஆவட்டும்னுதான் வச்சோம்."

"அந்தப் பேச்ச வாங்குனவ நானு. என்னைய ஒரு வார்த்த கேட்டியா?"

அவள் முகம் செத்துப்போனது. நாற்காலியில் ஏறித் துணியை அவிழ்த்தாள். "அப்ப நீங்களே ஒரு பேரு சொல்லுங்க. நாளைக்கு நோட்டீஸ் அடிக்கணும்" என்றாள்.

வாசிப்பு நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து குழுவுக்குப் பெயராக மலை, பனி, தேயிலை என்று எழுதிப் பார்த்து எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். நாற்பது வருடம் கொழுந்து எடுத்தேன். தோட்டத்தை நடத்திய ஒரு துரையும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

கடைசியாக என் பெயரை எழுதினேன். காளியம்மா. இதை மட்டும் அடிக்க மனமில்லை.