சயா கடித்த நாட்கள்

2025 ஜூன் 29, ஞாயிறு

பாம்பு வளர்ப்பவன் நோட்டுப் போட வேண்டுமாம். என்றைக்குத் தீனி, என்றைக்குத் தோல் உரித்தது, என்றைக்குக் கடித்தது, எல்லாம் தேதியோடு எழுதி வைத்தால்தான் குட்டியின் குணம் பிடிபடும் என்கிறான் கோ டுன். அவனிடம்தான் இந்த மலைப்பாம்புக் குட்டியை வாங்கினேன். மூன்று வாரம் ஆகிறது. நீளம் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட. கோபம் மட்டும் ஆள் உயரம்.

பெயர் சயா. பர்மியப் பேச்சில் ஐயா என்று அர்த்தம். அலோன் பேட்டைக் கிடங்கில் பன்னிரண்டு வருஷமாக மூட்டை எண்ணுகிறேன். வந்தவன் போனவனையெல்லாம் சயா, சயா என்று கும்பிட்டாயிற்று. இந்த ஒரு சயாவாவது நான் போடும் எலிக்குக் காத்திருக்கட்டும்.

முதல் வாரம் நாலு கடி. குண்டூசி குத்தின மாதிரி வரிசையாகப் புள்ளி, துளி ரத்தம், அவ்வளவுதான். இரண்டாம் வாரம் ஒன்று. இந்த வாரம் இல்லை. கோ டுன் சொல்லிக் கொடுத்தது: கையை மேலிருந்து இறக்காதே, பருந்து என்று பயப்படும். முதலில் கம்பியால் மெல்லத் தொடு, தீனி இல்லை என்று புரிந்துகொள்ளும். கடித்தால் கையை வெடுக்கென்று இழுக்காதே, கடித்தால் காரியம் நடக்கும் என்று கற்றுக்கொண்டுவிடும்.

கடித்தால் காரியம் நடக்கும். ஊரில் எல்லோருக்கும் இது தெரிந்திருக்கிறது. எனக்கு முப்பத்தாறு வயதில் ஒரு பாம்புக்காரன் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜூலை 2, புதன்

எலி சாப்பிட்டார். கடி இல்லை.

ஜூலை 6, ஞாயிறு

இன்று முழங்கை வரை ஏறி, சட்டைக் கைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். நானும் அசையவில்லை. என்னிடம் வந்து ஒதுங்கிய முதல் ஜீவன் இதுதான். இரண்டு வீட்டில் பெண் பார்த்தோம், இரண்டு வீட்டிலும் ஒரே கேள்வி: மாப்பிள்ளைக்குத் தனி வீடு உண்டா?

இல்லை. இருப்பது அண்ணன் வீடு, மூன்றாம் மாடி, பலகை அடித்துத் தடுத்த அறை. அண்ணன் ரமேஷ்குமார் பஸ் கம்பெனியில் டிக்கெட் போடுகிறவர். அண்ணி புஷ்பா வீட்டிலேயே தைக்கிறார். கல்யாணமாகிப் பதினொரு வருஷம், பிள்ளை இல்லை. அந்தப் பேச்சை இந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

அண்ணி எனக்குச் சோறு போடுகிறவர். போடுவது எனக்குத் தெரியும்படி போடுகிறவர். சயா வந்த அன்றே சொல்லிவிட்டார்: "அந்த ரூமுக்குள்ள நான் இனி கால் வைக்க மாட்டேன் தம்பி. அழுக்குத் துணிய நீங்களே வெளிய கொண்டாந்து போடுங்க."

நல்லதாகப் போயிற்று.

ஜூலை 19, சனி

பெட்டி கழுவக் கையைக் கொண்டுபோனதும் பாய்ந்தார். கட்டை விரலில் ஒன்று, புறங்கையில் ஒன்று. மூன்று வாரமாகச் சாதுவாக இருந்தவருக்கு என்ன வந்தது?

ஜூலை 20, ஞாயிறு

இன்றும் ஒன்று. பெட்டியைக் கழுவவே விடவில்லை.

ஜூலை 23, புதன்

எலி சாப்பிட்டார். கொஞ்சம் அடங்கியிருக்கிறார். பெட்டியில் விரித்த பேப்பரில் மஞ்சளாகத் திட்டு. கோ டுன்னிடம் கேட்டேன். உடம்பில் தண்ணீர் குறைந்தால் மூத்திரம் மஞ்சளாகக் கெட்டிப்படும், பெரிய கிண்ணமாக வை என்றான். வைத்தேன்.

ஜூலை 26, சனி

மூன்று கடி. கையை நீட்டும் முன்பே பாய்கிறார். இரண்டு தடவை கண்ணாடியிலேயே மூக்கை இடித்துக்கொண்டார்.

தோல் உரிக்கப் போகிறாரா என்று பார்த்தேன். கண் வெளுக்கவில்லை. கையைச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவினேன். பசியும் இல்லை. பிறகு என்ன? மழையா, கரண்ட் போய்ப் போய் வருவதா? இல்லை, என்னோடு இருந்தால் பாம்புக்கும் குணம் கெட்டுவிடுமா?

அண்ணி விரலில் துணி சுற்றியிருந்தார். தேங்காய் துருவி கிழித்துவிட்டதாம். இந்த வீட்டில் எல்லார் கையிலும் காயம்.

ஆகஸ்ட் 2, சனி

அண்ணனைக் கடித்துவிட்டார்.

மூடியைத் திறந்து வைத்துப் பேப்பர் மாற்றிக்கொண்டிருந்தேன். மழைச் சாரல் அடிக்கிறது என்று அண்ணன் ஜன்னலைச் சாத்த வந்து, பெட்டிக்கு மேலாகக் கையை நீட்டினார். மணிக்கட்டில் பிடித்தது. அண்ணன் உதறியதில் சயா சுவரில் பட்டுக் கீழே விழுந்தார். நான் முதலில் பாம்பைத்தான் எடுத்தேன். அண்ணன் அதைப் பார்த்துவிட்டார்.

"இனிமே மயபூ. முடியாது. மாசக் கடைசிக்குள்ள இது போகணும். இல்ல, நீயும் சேர்ந்து போ" என்றார்.

அடுப்படியிலிருந்து அண்ணி: "ஆடியில எதையும் வீட்ட விட்டு அனுப்ப வேணாம். ஆடி முடியட்டும்."

பார்த்தாயா? துரத்துவதற்கும் நல்ல நாள் பார்க்கிறார்கள்.

போனால் எங்கே போவது என்பது கூடப் பிரச்சினை இல்லை. லான்மடாவில் நாலு பேரோடு ஒரு அறையில் கிடந்துவிடலாம், அங்கே சயாவை விடமாட்டார்கள். சயா போய்விட்டால் சாயங்காலம் வீட்டுக்கு வந்து நான் முகம் பார்க்க ஒரு உயிர் கிடையாது. வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் அதுதான் உண்மை.

ஆகஸ்ட் 9, சனி

இன்று காலை மூன்று கடி. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு இந்த நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். கடியெல்லாம் எந்தக் கிழமை? சனி, ஞாயிறு. சனி. சனி. இன்றும் சனி. புதன்கிழமை ஒன்று கூட இல்லை. அப்படியானால் வெள்ளிக்கிழமை, நான் கிடங்கில் இருக்கும்போது, இந்த அறையில் ஏதோ நடக்கிறது.

மூடிமேல் ஒரு செங்கல் வைத்திருப்பேன். எழுத்துப் பொறித்த பக்கம் எப்போதும் மேலே. இன்று காலை அதை எடுத்ததை நினைத்துப் பார்த்தேன். எழுத்து கீழே இருந்தது.

அண்ணன் வேலைக்குப் போயிருந்தார். நேரே அடுப்படிக்குப் போனேன். என் பெட்டியைத் திறந்தீங்களா என்று கேட்டேன். பருப்பைக் கிண்டிக்கொண்டே இருந்தார். துடைப்பக் குச்சியை விட்டுக் குத்தி அதை வெறி பிடிக்க வைக்கிறீங்க, அது கடிக்கணும், அண்ணன் என்னைத் துரத்தணும், அதுதானே உங்க கணக்கு என்றேன். என்னென்னவோ கேட்டேன். அவர் சொன்னது ஒரே வார்த்தை.

"நான் குத்தல தம்பி."

அப்ப யார் திறந்தது? தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நிற்கிறார். எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது.

"பெத்திருந்தால்ல குட்டியோட அருமை தெரியும். மலடிக்கு என்ன தெரியும்?"

சொல்லிவிட்டேன். எழுதக் கை கூசுகிறது. சொல்லும்போது வாய் கூசவில்லை.

பருப்பு பொங்கி வழிந்தது. இறக்கி வைத்தார், அடுப்பைத் துடைத்தார். கொஞ்ச நேரம் கழித்து எனக்குத் தட்டு வைத்துச் சோறு போட்டார். நான் சாப்பிட்டேன். அதையும் எழுதிவிடுகிறேன். சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அவர் செய்ததும் தப்பு, நான் சொன்னதும் தப்பு. சரிக்குச் சரி. அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஏன் சொல்லவில்லை? குற்றமுள்ள நெஞ்சு.

ஆகஸ்ட் 16, சனி

கடி இல்லை. செங்கல் வைத்தபடியே இருக்கிறது. ஆக, என் வார்த்தை வேலை செய்துவிட்டது.

ஆகஸ்ட் 23, சனி

கடி இல்லை. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். பயந்து பயந்து ஒரு விரலால் தடவினார். பிறகு கையில் வாங்கிக்கொண்டார், செல்போனில் படம் எடுக்கச் சொன்னார். "இவ்வளவு சாதுவா? சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

நான் ஜெயித்துவிட்டேன். இந்த வீட்டில் இதுவரை நான் எதிலும் ஜெயித்ததில்லை. அண்ணி என்னோடு பேசுவதில்லை. சோறு மட்டும் நிற்கவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இதை எப்படி எழுதுவது.

சயா வளர்ந்துவிட்டார், பெட்டியை விசாலமான மூலைக்கு மாற்றலாம் என்று சுவரோரத்திலிருந்து இழுத்தேன். பின்பக்கக் கண்ணாடியில், கீழே, குங்குமப் பொட்டு. ஒன்றல்ல, நாலு. பக்கத்தில் சாம்பிராணிச் சாம்பல். பெட்டி நிற்கும் மேசையின் பின்காலில், சுவர்ப் பக்கம், மஞ்சள் கயிறு. அதில் தொங்கியது ஒரு தொட்டில்.

உள்ளங்கை அகலம். மஞ்சள் தோய்த்த துணி, ஓரம் மடித்துப் பொடித் தையல் போட்டிருந்தது. அந்தத் தையல் எனக்குத் தெரியும், என் சட்டைக் காலரிலும் இருக்கிறது. தொட்டிலுக்குள் ஒரு கூழாங்கல். கோயில் மரத்தில் பிள்ளை வரம் கேட்பவர்கள் கட்டுவார்களே, அதேதான். கல்தான் பிள்ளை.

நாலு பொட்டு. ஜூலை பதினெட்டு, இருபத்தைந்து, ஆகஸ்ட் ஒன்று, எட்டு. ஆடி வெள்ளி நாலு.

கல்யாணமான மூன்றாம் வருஷம் ஒரு ஜோசியர் நாக தோஷம் என்று சொன்னார், அதனால்தான் வயிறு திறக்கவில்லை என்று. அண்ணன் சிரித்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். நானும் கூடத்தான் போயிருந்தேன், நானும் சிரித்தேன். அண்ணி சிரித்தாரா? ஞாபகமில்லை. நான் பார்க்கவில்லை.

காலே வைக்க மாட்டேன் என்ற அறைக்குள், நாங்கள் இரண்டு பேரும் போன பிறகு, வெள்ளிதோறும் வந்து, மூடியைத் திறந்து, சாம்பிராணி காட்டி, மஞ்சள் விரலால் அதன் தலையைத் தடவியிருக்கிறார். பேப்பரில் இருந்தது மூத்திரம் இல்லை. விரலில் சுற்றியிருந்த துணியும் தேங்காய் துருவியால் இல்லை. குட்டிக்குப் புகை ஆகாது, தலைக்கு மேலிருந்து கை வந்தால் ஆகாது. அவருக்கு எப்படித் தெரியும்? தெய்வம் என்று தொட்டார். அது கடித்தது. மறு வாரமும் போய்த் தொட்டிருக்கிறார்.

ஆடி முடியட்டும் என்றார். இந்த வருஷம் ஆடிக்கு ஐந்து வெள்ளி. ஐந்தாவது வெள்ளிக்கு முன்னால் நான் வாயைத் திறந்தேன்.

செப்டம்பர் 1, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. அண்ணன் போனதும் அண்ணியிடம் போய் நின்றேன். தையல் மிஷினில் இருந்தார். தொட்டிலைப் பார்த்தேன் என்றேன். புகையும் கையும்தான் அதைக் கடிக்க வைத்தது, நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை என்று விளக்கினேன், டாக்டர் மாதிரி. பிறகு, நான் சொன்னதை மன்னிச்சிருங்க அண்ணி என்று காலைத் தொடப் போனேன். காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"நீங்க இல்லாததச் சொல்லலையே தம்பி" என்றார். கோபமே இல்லை குரலில். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார்.

திட்டியிருக்கலாம். அண்ணனிடம் சொல்லி என்னைத் துரத்தியிருக்கலாம். அந்த நிம்மதியைக் கூடக் கொடுக்க மாட்டேன் என்கிறார்.

செப்டம்பர் 5, வெள்ளி

காலையில் பால் வாங்கி வந்து அடுப்படியில் வைத்தேன். தொட்டிலை அவர் கட்டிய இடத்திலேயே கட்டினேன். மூடிமேல் இருந்த செங்கல்லை எடுத்துவிட்டு, கதவைத் திறந்து போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். பகலெல்லாம் மூட்டை எண்ணிக்கை தப்பிக்கொண்டே இருந்தது. மேனேஜர் ஏசினார். ஏசட்டும்.

சாயங்காலம் வந்து பார்த்தேன். பேப்பரில் மஞ்சள் இல்லை, கண்ணாடியில் ஐந்தாவது பொட்டு இல்லை. அந்தப் பாலில் அண்ணி எல்லாருக்கும் தேநீர் போட்டிருந்தார்.

செப்டம்பர் 6, சனி

கடி இல்லை.

செப்டம்பர் 13, சனி

கடி இல்லை.

செப்டம்பர் 20, சனி

கோ டுன் வந்தான். சயாவைக் கழுத்தில் போட்டுப் பார்த்து அசந்துவிட்டான். உன்னையும் அண்ணனையும் கடித்த குட்டியா இது, எப்படி அடக்கினாய், பாம்பு வளர்க்கிற நம் செல்போன் குரூப்பில் எழுது, புதிதாக வாங்குகிறவர்களுக்கு உதவும் என்றான். நான் ஒன்றும் செய்யவில்லை என்றேன். அடக்கமான ஆள் என்று தோளில் தட்டிவிட்டுப் போனான்.

தேநீர் கொண்டுவந்து அறை வாசலில் தரையில் வைத்துவிட்டுப் போனார் அண்ணி.

அக்டோபர் 3, வெள்ளி

லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தேன். அண்ணனுக்கும் இன்று வேலை இல்லை. விளக்கு வைக்கும் நேரம் அண்ணி சாம்பிராணி போட்டார். கூடம், அவர்கள் படுக்கும் அறை, அடுப்படி, மாடிப்படி வாசல் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தார். என் கதவு அகலத் திறந்திருந்தது. நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

வாசலுக்கு வந்ததும் தூபக்காலை அந்தப் பக்கக் கைக்கு மாற்றிக்கொண்டு, புகையை முந்தானையால் ஒதுக்கியபடி கடந்து போனார்.

கூடத்திலிருந்து அண்ணன்: "ஏன், தம்பி ரூமுக்கும் காட்டேன்."

"அங்க வேணாங்க. அதுக்குப் புகை ஆகாதாம்" என்றார் அண்ணி.

நான் சொல்லிக் கொடுத்த பாடம்.

எழுந்து பெட்டியைத் திறந்து கையை உள்ளே வைத்தேன். கடித்தால் தேவலை என்றிருந்தது. நன்றாக ஒரு தடவை, விடாமல். சயா நாக்கை நீட்டி முகர்ந்தார். பிறகு மெதுவாக ஏறி, மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு, என் உள்ளங்கையில் தலையை வைத்துப் படுத்தார்.

கடி இல்லை.